உடுமலை பஸ்ஸும் முதல் ஹவரும்

ஜூலை மாதம். புது செமஸ்டரின் டைம்டேபிளை நோட்டீஸ் போர்டில் ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஸ்டாஃப் ரூம் வாசலில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். உடுமலைப்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம் அவளுக்கு.

“மேடம், எலக்டிவ செவ்வாக்கெழம ஃபர்ஸ்ட் ஹவர்ல போட்டிருக்கீங்க. எங்கூர்ல முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தானுங்க. உடுமலை வந்து, பொள்ளாச்சி வழியா உக்கடம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சுப் பீளமேடு எறங்கறப்ப ஒம்பதே கால் ஆயிடுதுங்க மேடம். செகண்ட் ஹவருக்கு மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா போதும்.”

“பாக்கறேன் கண்ணு” என்று சொல்லி அனுப்பினேன். எங்களுக்கு வகுப்பு தொடங்குவது எட்டே முக்காலுக்கு. கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் நடத்துகிறேன். பதினோரு வருடமாக டைம்டேபிள் குழுவிலும் இருக்கிறேன். அவள் கேட்டது என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு 3 ஹவர், 15 வாரத்துக்கு 45 ஹவர். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். செவ்வாய் முதல் ஹவரை மட்டும் ஒவ்வொரு வாரமும் அவள் தவறவிட்டால் 15 ஹவர் போய் 30 நிற்கும். அது 66.7 சதவீதம். அதாவது ஒரு பஸ் நேரம் ஒரு பெண்ணைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிறுத்திவிடும். மற்ற நாட்களில் அந்தப் பாடத்துக்கு அவள் ஒரு ஹவர்கூடத் தவறாமல் வந்தாலும் இதுதான் கணக்கு.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு டைம்டேபிளை விரித்து வைத்து உட்கார்ந்தேன். செவ்வாய் இரண்டாவது ஹவரில் அந்த எலக்டிவ் எடுக்கும் ஆசிரியருக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு. அதைத் தூக்கி வியாழன் நான்காவது ஹவரில் வைத்தால், அந்த வகுப்பின் ‘பி’ பேட்ச் அப்போது லேபில் இருக்கிறது. லேப் என்பது தொடர்ந்து மூன்று ஹவர், நடுவில் வெட்ட முடியாது. பேட்ச்சை வெள்ளி மதியத்துக்குத் தள்ளினால் அதே லேப் அப்போது வேறு துறையிடம் இருக்கிறது. அவர்களைக் கேட்டு மாற்றிக்கொண்டால், அவர்களுடைய வகுப்பு ஒன்று இடம் தேடி அலைகிறது. அந்த வகுப்புக்குக் காலியாக இருந்த ஒரே ஹவர் செவ்வாய் இரண்டாவது ஹவர், அதை எடுப்பவரும் அதே எலக்டிவ் ஆசிரியர். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

“ஒரு ஹவர மாத்தறதுக்கு என்ன மேடம் அவ்வளவு கஷ்டம்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கான பதில் கணிதத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு கதையில் இருக்கிறது. அந்தக் கதையில் மதுரையில் பிறந்த ஒருவரும் வருகிறார்.

1852இல் லண்டனில் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்து வரைபடத்தின் மாவட்டங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லையைப் பகிரும் இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது என்றால், நான்கு வண்ணம் போதும் போலத் தெரிந்தது. எந்த வரைபடத்துக்கும் நான்கு போதுமா? கேள்வி அவர் தம்பி ஃபிரடெரிக் மூலமாக அகஸ்டஸ் டி மார்கனிடம் போனது. 1806இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்ட கணிதப் பேராசிரியர் அவர். அவருக்கும் விடை தெரியவில்லை. 1976இல் கென்னத் ஆப்பெலும் வோல்ஃப்காங் ஹாக்கெனும் கணினியின் துணையோடு ‘போதும்’ என்று நிறுவும்வரை அந்தக் கேள்வி திறந்தே கிடந்தது.

மாவட்டம் இருக்கும் இடத்தில் பாடத்தை வையுங்கள். எல்லைக்குப் பதிலாக, இரண்டு பாடத்துக்கும் பொதுவான மாணவர் ஒருவராவது இருந்தால் ஒரு கோடு. வண்ணத்துக்குப் பதிலாக ஸ்லாட். கோட்டால் இணைந்த இரண்டு பாடங்களுக்கு ஒரே ஸ்லாட் வரக்கூடாது. டைம்டேபிளின் எலும்புக்கூடு இவ்வளவுதான். 1967இல் வெல்ஷ், பவல் என்ற இருவர் வண்ணமிடல் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டைம்டேபிள் என்ற சொல் இருக்கிறது. எந்தப் பாடத்துக்கு அதிகக் கோடுகள் இருக்கின்றனவோ அதை முதலில் உட்கார வை, எளிதானவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள் என்பது அவர்கள் சொன்ன வழி. அதைப் படிக்காத டைம்டேபிள் ஆசிரியர்களும் லேப்களை முதலில் போட்டுவிட்டு அப்புறம்தான் தியரி வகுப்புகளைத் தொடுகிறார்கள்.

வகுப்பில் இதைச் சாக்பீஸால் போட்டுக் காட்டுவேன். ஆறு எலக்டிவ்: ரோபாட்டிக்ஸ், டேட்டா அனலிடிக்ஸ், ஜெர்மன், நிதி மேலாண்மை, தொழில்முனைவு, சுற்றுச்சூழல். ரோபாட்டிக்ஸ், டேட்டா, ஜெர்மன் மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று பொது மாணவர்கள் உண்டு. ஆகவே இவை மூன்றும் தனித்தனி ஸ்லாட்: சிவப்பு, நீலம், மஞ்சள். நிதி மேலாண்மைக்கு ரோபாட்டிக்ஸோடும் டேட்டாவோடும் மோதல், எனவே அது மஞ்சளுக்குப் போகும். தொழில்முனைவுக்கு நிதியோடு மட்டும் மோதல், சிவப்பு போதும். சுற்றுச்சூழலுக்கு ரோபாட்டிக்ஸோடு மட்டும், நீலம். ஆறு பாடமும் மூன்றே ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டன.

இப்போது ஒரே ஒரு மாணவர் வந்து, “எனக்கு ஜெர்மனும் வேணும், நிதி மேலாண்மையும் வேணும்” என்கிறார். போர்டில் ஒரு கோடு கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டோடு ரோபாட்டிக்ஸ், டேட்டா, ஜெர்மன், நிதி நான்கும் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு மோதுகின்றன. நான்காவது ஸ்லாட் இல்லாமல் தீராது. எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்து போட்டாலும் தீராது. மாணவர் கேட்டது ஒரு பாடம், கல்லூரி கொடுக்க வேண்டியது வாரம் முழுக்க ஒரு புது ஸ்லாட். ‘முடியாது’ என்று ஆசிரியர் சொல்லும்போது பல நேரம் அது பிடிவாதம் இல்லை, இந்த நான்காவது வண்ணம்தான்.

அன்று மாலை நான் சுற்றி வந்த சுற்றுக்கும் கணிதத்தில் பெயர் இருக்கிறது. ஆல்ஃபிரட் கெம்பே 1879இல் நான்கு வண்ணக் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக அறிவித்தார். இரண்டு வண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு போகும் இடங்களில் அவற்றைச் சங்கிலியாக மாற்றிப் போடுவது அவருடைய உத்தி. 1890இல் ஹீவுட் அந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டிவிட்டார். நிரூபணம் போனது, சங்கிலி நின்றுவிட்டது. இன்றைய டைம்டேபிள் முறைகள் சில ஒரு பாடத்தை நகர்த்தக் கெம்பே சங்கிலியைப் பயன்படுத்துகின்றன. செவ்வாயை வியாழனுக்கும் வியாழனை வெள்ளிக்கும் தள்ளிப் பார்க்கும் ஒவ்வொரு ஆசிரியரும் கையால் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

மாணவர்களின் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, வகுப்பு, ஆசிரியர் இரண்டை மட்டும் பார்த்தால் நிலைமை ஆச்சரியமாக எளிது. ஹங்கேரியின் டேனிஸ் கோனிக் 1916இல் நிறுவிய ஒரு தேற்றம் இதற்கு உதவுகிறது. எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் வாரத்தில் 35 ஹவருக்கு மேல் வேலை இல்லையென்றால், 35 ஹவருக்குள் மோதல் இல்லாத டைம்டேபிள் கட்டாயம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேகமான வழியும் உண்டு. ஆனால் நிஜத்தில் ஒருவர் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் வகுப்பெடுக்க வருவார், இன்னொருவருக்குப் புதன்கிழமை ஆராய்ச்சிக் கூட்டம். ‘இந்த ஹவரில் நான் வர முடியாது’ என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்த உடனே கோனிக்கின் நிம்மதி போய்விடுகிறது. ஷிமோன் ஈவன், அலோன் இட்டாய், ஆதி ஷமீர் மூவரும் 1976இல் இதை நிறுவினார்கள். மொத்தமே மூன்று ஹவர் கொண்ட டைம்டேபிளாக இருந்தாலும், ஆசிரியர்களுக்கு வர முடியாத ஹவர்கள் இருந்தால், எல்லா நேரத்திலும் விரைந்து தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத கணக்குகளின் கூட்டத்தில் அது சேர்ந்துவிடும். நகரங்களைச் சுற்றி வரும் விற்பனையாளரின் மிகக் குறுகிய பாதை எது என்ற புகழ்பெற்ற கணக்கும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

எவ்வளவு கடினம் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். ஐந்து நாள், நாளுக்கு ஏழு ஹவர், மொத்தம் 35 இடம். பத்துப் பாடங்களை, ஒவ்வொன்றும் ஒரே ஹவர் என்றுகூட வைத்துக்கொண்டு, இஷ்டம்போல வைத்துப் பார்த்தால் 35ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 2,758 லட்சம் கோடி விதம். வினாடிக்கு ஒரு கோடி விதத்தைச் சோதிக்கும் கணினி இரவு பகலாக ஓடினாலும் எட்டரை வருடம் தாண்டும். பதினொன்றாவதாக ஒரு பாடத்தைச் சேருங்கள். முந்நூறு வருடம் ஆகிவிடும். எங்கள் கல்லூரி டைம்டேபிளில் இருப்பது பதினோரு பாடம் அல்ல, நூற்றுக்கணக்கில்.

அப்படியானால் எப்படித்தான் போடுகிறோம்? இதற்கு இந்த ஊரே ஒரு பதில் வைத்திருக்கிறது. பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் வார்ப்படம் ஊற்றும் பவுண்டரிகள் கோவையில் எத்தனையோ. அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சூடான இரும்பைச் சட்டென்று ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், பிறகு மெஷினில் கடையும்போது வளையும், சில சமயம் விரிசல் விடும். மறுபடி உலையில் வைத்துச் சூடேற்றி, மெதுவாக, மணிக்கணக்கில் ஆறவிட வேண்டும். சூட்டில் அணுக்கள் அசைந்து கொடுக்கும், ஆற ஆறத் தங்களுக்கு வசதியான இடத்தில் போய் அமரும். அனீலிங் என்பது இதுதான். 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும் இதையே கணக்குத் தீர்க்கும் முறையாக்கினார்கள். ஏதோ ஒரு டைம்டேபிளில் தொடங்கு. இரண்டு வகுப்புகளை மாற்றிப் பார். மோதல் குறைந்தால் ஏற்றுக்கொள். கூடினாலும், ஆரம்பத்தில், ‘சூடு’ அதிகமாக இருக்கும்போது, சில முறை ஏற்றுக்கொள். போகப்போகச் சூட்டைக் குறைத்து, மோசமான மாற்றங்களை மறுத்துக்கொண்டே வா. எடுத்த எடுப்பிலேயே நல்லதை மட்டும் ஏற்றால் அரைகுறையான ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வோம், சட்டென்று ஆறிய வார்ப்படம் மாதிரி.

மிகச் சிறந்த டைம்டேபிளை இந்த முறை தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போதுமான அளவு நல்ல ஒன்றைத் தரும். 1995 முதல் டைம்டேபிளுக்காகவே உலக அளவில் மாநாடு நடக்கிறது, போட்டிகளும் நடக்கின்றன. ‘ஃபெட்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கடினமான வகுப்பை முதலில் வைத்து, அது யாரை இடித்துத் தள்ளுகிறதோ அவர்களுக்கு வேறு இடம் தேடும் முறை அதனுடையது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் பயன்படுத்தும் ‘யுனிடைம்’ மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இவை இருந்தும் நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் எக்செல் தாளும் அழிரப்பரும்தான். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மோதல் இல்லாத டைம்டேபிள் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் முதல் ஹவர் யாருக்கு? வெள்ளி கடைசி ஹவர் யாருக்கு? இங்கே கேள்வி கணிதத்திலிருந்து நியாயத்துக்கு நகர்கிறது.

முதல் ஹவர் ஏன் யாருக்கும் வேண்டாததாக இருக்கிறது என்பதற்குச் சோம்பேறித்தனம் என்ற பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. பருவ வயதில் உடலின் உள்கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் சுமார் 25,000 பேரின் தூக்க நேரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். வயது கூடக்கூடத் தூங்கும் நேரம் பின்னுக்குப் போய், பெண்களுக்கு சுமார் 19.5 வயதிலும் ஆண்களுக்கு 20.9 வயதிலும் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு மறுபடி முன்னுக்கு வருகிறது. இளநிலைப் பட்டம் படிக்கும் வயது அதுவேதான். டைம்டேபிள் போடுகிற எங்களுக்கு நாற்பது ஐம்பது வயது. காலை எட்டே முக்கால் எங்களுக்குத் தெளிவான நேரம். எதிரே உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுக்கு அது இன்னும் பாதி இரவு. அதிலும் உடுமலைப் பக்கமிருந்து வருபவள் ஐந்து மணிக்கே எழுந்திருக்க வேண்டும்.

பீளமேட்டுக்கு நேரத்தைப் பங்கிடுவது புதிதல்ல. 1922இல் இங்கே ரங்கவிலாஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்த பிறகு மில்கள் பெருகின. மில் சங்கை வைத்து ஊரே மணி பார்த்த காலம் அது. பகல் ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் முறை வைத்து மாறி மாறி வரும், ஒரே ஆள் எப்போதும் ராத்திரியில் கிடக்கக்கூடாது என்பது தொழிலாளிக்குத் தெரிந்த நியாயம். ரங்கவிலாஸ் மில்லை நடத்திய குடும்பம் 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தைத் தொடங்கியது. 1947இல் கலைக் கல்லூரி, 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி. அவற்றுக்கு அருகே 1956இல் சி.ஐ.டி. பொறியியல் கல்லூரி, 1963இல் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி. அவிநாசி சாலையின் இந்தத் துண்டில் மில் சங்கு போய்க் கல்லூரி மணி வந்தது. ஷிஃப்ட் என்ற சொல்கூடக் கல்லூரிக்குள் வந்துவிட்டது: தமிழ்நாட்டின் பல கலைக் கல்லூரிகளில் காலை ஷிஃப்ட் அரசு உதவி பெறும் பிரிவுக்கு, மதிய ஷிஃப்ட் சுயநிதிப் பிரிவுக்கு. ஆனால் முறை வைத்து மாறும் அந்த நியாயம் மட்டும் சொல்லோடு சேர்ந்து வரவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த நியாயத்தின் சாயல் இருக்கிறது. அங்கே பாடங்களுக்கு நேரம் நேரடியாகத் தரப்படுவதில்லை. ஏ, பி, சி என்று எழுத்து தரப்படுகிறது. ஒவ்வொரு எழுத்தும் வாரத்தில் வெவ்வேறு நாளில் வெவ்வேறு மணிக்கு வரும். திங்கள் முதல் ஹவரில் வந்த எழுத்து, இன்னொரு நாள் நடுக்காலைக்கு நகர்ந்துவிடும். எந்தப் பாடமும் எப்போதும் எட்டு மணிக்கு மாட்டிக்கொள்ளாது. வேலூர் வி.ஐ.டி. இன்னும் ஒரு படி போய், முழு நெகிழ்வு கிரெடிட் முறை என்ற பெயரில், பாடத்தையும் ஆசிரியரையும் ஸ்லாட்டையும் மாணவரே தேர்ந்தெடுக்க வைத்தது. தியரியைக் காலையில் வைத்து லேபை மதியம் வைப்பதா, மாற்றி வைப்பதா என்பது அங்கே மாணவர் போடும் கணக்கு.

தேர்வு செய்யலாம் என்று சொன்னவுடன், எப்படித் தேர்வு செய்வது என்ற கேள்வி வருகிறது. பல கல்லூரிகளில் எலக்டிவ் பதிவு என்றால் ராத்திரி எட்டு மணிக்குப் போர்ட்டல் திறக்கும், முதலில் அமுக்கியவருக்கு முதல் இடம். ஹாஸ்டலில் நல்ல வைஃபையோடு நான்கு லேப்டாப்பை விரித்து வைத்தவர் ஐந்து நொடியில் முடித்துவிடுவார். அந்த நேரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டு, டவர் வந்து வந்து போகும் போனைப் பிடித்திருக்கும் மாணவிக்குப் பக்கம் திறக்கும்போது மிஞ்சியிருப்பது யாருக்கும் வேண்டாத செவ்வாய் முதல் ஹவர். அந்த ஹவர் யாருக்கு முடியவே முடியாதோ அவருக்கே அது போய்ச் சேர்கிறது. ‘முந்தியவருக்கு முதல்’ என்பது பார்க்கச் சமமான விதி. உண்மையில் அது இணைய வேகத்துக்கும் வீட்டு வசதிக்கும் மார்க் போடுகிறது. இந்த முறையை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன்.

இதைவிட நல்ல முறை நம்மிடமே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பார்க்கின்றன. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு, மக்கள் வாயில் கவுன்சலிங். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். அதை வைத்துத் தரவரிசை. 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. மாணவர் தமக்கு வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசையாகக் கொடுத்துவிடுகிறார். ஒரு சுற்றுக்குள் கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கிறது. பட்டியலைப் பூட்டக் கடைசி நாள் உண்டு. அதற்குள் காலையில் கொடுத்தாலும் நள்ளிரவில் கொடுத்தாலும் ஒன்றுதான். மதிப்பெண், பிறந்த தேதி எல்லாமே ஒன்றாக இருக்கும் இருவருக்கு நடுவே ரேண்டம் எண் முடிவு செய்யும்.

இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. “அந்தக் காலேஜ் நமக்கு எங்க கிடைக்கப் போகுது, மொதல்ல போட்டா வீணாப் போயிடும்” என்று பல பெற்றோர் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். வீணாகாது. உங்கள் முறை எப்போது வரும் என்பது நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பம் இல்லையென்றால் கணினி இரண்டாவதைப் பார்க்கும், எந்த நஷ்டமும் இல்லாமல். மனதில் இருக்கும் வரிசையை அப்படியே எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் இங்கே கிடையாது. பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் இந்தக் குணம் இல்லாத ஒரு முறை வெகுகாலம் இருந்தது. முதல் விருப்பம் தவறினால் இரண்டாவதும் கையை விட்டுப் போகும் வாய்ப்பு அதில் அதிகம். அதனால் விவரம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுதினார்கள், தெரியாதவர் உண்மையை எழுதி ஏமாந்தார்கள். 2005இல் அந்த ஊர் அதைக் கைவிட்டது. பதிலாக எடுத்துக்கொண்டது டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962இல் வகுத்த முறை. இந்த வகைப் பங்கீட்டு ஆய்வுக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கை 2015 முதல் ஒன்றாக நடப்பதும் அதே முறையின் மேல்தான்.

எலக்டிவ் ஸ்லாட்டுக்குக் கட்-ஆஃப் மார்க் தேவையில்லை, இருக்கவும் கூடாது. நல்ல மார்க் வாங்கியவருக்கு நல்ல நேரமும் என்றால், தூரத்திலிருந்து களைத்து வருபவர் இரண்டு முறை தோற்கிறார். சீட்டுக் குலுக்கி ஒரு வரிசை போடலாம். ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடங்களைப் பங்கிடும்போது அப்படித்தான் செய்தது: குலுக்கலில் வந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு பாடம், அடுத்த சுற்றில் அதே வரிசை தலைகீழாக. முதல் சுற்றில் கடைசியாக நின்றவருக்கு இரண்டாவது சுற்றில் முதல் வாய்ப்பு. பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளி 2013இல், எரிக் புடிஷ் என்ற பொருளியலாளரின் கோட்பாட்டைக் கொண்டு, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறையச் சமமான ‘பாடப் பணம்’ கொடுத்து, எல்லோரும் விரும்பும் ஸ்லாட்டுக்கு விலை ஏறும்படி ஒரு சந்தையையே அமைத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரு கூகுள் படிவம், ஒரு குலுக்கல், அடுத்த செமஸ்டரில் தலைகீழ் வரிசை, இதுவே பெரிய மாற்றம்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு செக்‌ஷன் முழுக்க ஒரே டைம்டேபிள்தான். மாணவருக்குத் தேர்வு இருப்பது எலக்டிவிலும் லேப் பேட்ச்சிலும் மட்டும். ஆனால் அந்தச் சின்ன இடத்திலேயே ஒருவருடைய வருகைப் பதிவு காப்பாற்றப்படலாம்.

அந்த உடுமலை மாணவிக்கு அந்த செமஸ்டரில் என்னால் ஹவரை மாற்றித் தர முடியவில்லை. எந்தச் சங்கிலியும் அவிழவில்லை. அவள் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் முந்தின நாள் ராத்திரியே கிளம்பி வந்து, சிங்காநல்லூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டாள். செமஸ்டர் முடிந்த அன்று வந்து, “எய்ட்டி வந்துருச்சுங்க மேடம்” என்று வருகைச் சதவீதத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அத்தை வீடு இல்லாத மாணவிகளை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். அடுத்த செமஸ்டர் எலக்டிவ் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தேன்: ‘உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் அல்லது ரயில் எத்தனை மணிக்கு? கல்லூரிக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும்?’ கணிதத்தில் இதன் பெயர் கட்டுப்பாடு. ஆசிரியர் வர முடியாத ஹவரை எப்படிக் கணினிக்குக் கொடுக்கிறோமோ, அதே வடிவத்தில் இதையும் கொடுக்கலாம். ஆசிரியரிடம் நாம் எப்போதும் கேட்கிறோம். மாணவரிடம் யாரும் கேட்டதில்லை.

வரும் ஜூனில் டைம்டேபிள் போட உட்காரும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதல் வகுப்பைக் கட்டத்தில் வைக்கும் முன்பு மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எலக்டிவ் பதிவை நொடிக்கணக்கில் திறந்து மூடாதீர்கள். மூன்று நாள் திறந்து வைத்து, விருப்ப வரிசையை வாங்கிக் குலுக்கிப் போடுங்கள். மாணவர்களே, அப்படி ஒரு படிவம் உங்களிடம் வந்தால், கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல் முதல் கட்டத்தில் உங்களுக்கு உண்மையாக வேண்டிய ஹவரையே எழுதுங்கள்.